சுவரில் படிந்த நைட்ரேட் வெயிலில் மீண்டும் காற்றுக்குத் திரும்புமா?

குறிஞ்சி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். நான் மேல்நிலைப் பள்ளியொன்றில் வேதியியல் கற்பிக்கிறேன். எங்கள் கட்டடத்தின் கிழக்குச் சுவர் போக்குவரத்து மிகுந்த சாலையை ஒட்டி நிற்கிறது. அதற்குப் புதிதாக வண்ணம் பூசுவது பற்றிப் பேச்சு எழுந்தபோது, காற்றைத் தூய்மையாக்கும் வண்ணப்பூச்சு ஒன்றை விற்பனையாளர் ஒருவர் பரிந்துரைத்தார். அதில் டைட்டானியம் டை ஆக்சைடின் நுண்துகள்கள் இருப்பதாகவும், அவை வெயிலில் வாகனப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளைத் தீங்கற்ற நைட்ரேட்டாக மாற்றிவிடுவதாகவும், மழை பெய்யும்போது அந்த நைட்ரேட் கழுவப்பட்டுவிடும் என்றும் விளக்கினார். விலை சாதாரணப் பூச்சைவிடக் கணிசமாக அதிகம். நிர்வாகம் என் கருத்தைக் கேட்டிருக்கிறது.

எனக்கு இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. நாங்கள் படித்ததிலும் கற்பிப்பதிலும் சூரிய ஒளியால் நிகழும் மாசு வினைகள் எல்லாம் வளிநிலையில் நடப்பவையாகவே உள்ளன. நைட்ரஜன் டை ஆக்சைடு பிளவுபடுவது, ஓசோன் உருவாவது, இறுதியில் நைட்ரிக் அமிலம் தோன்றி நிலத்திலும் சுவரிலும் படிவது என்று அந்தக் கதை முடிந்துவிடுகிறது. படிந்தபின் அந்த மாசு உண்மையிலேயே செயலற்றுப் போகிறதா, அல்லது சாதாரணச் சுவரிலும் சன்னல் கண்ணாடியிலும் வெயில் பட்டு ஏதேனும் வினை தொடர்கிறதா என்பது முதல் ஐயம். இரண்டாவது, எங்கள் ஊரில் தை முதல் வைகாசி வரை மழை என்று சொல்லத்தக்க எதுவும் பெய்வதில்லை. அந்த மாதங்கள் முழுவதும் சுடுவெயிலில் காய்ந்துகொண்டிருக்கும் நைட்ரேட், மழை வரும்வரை அங்கேயே காத்திருக்கும் என்று நம்பலாமா?

இளவேனில்:

வணக்கம் ஆசிரியை. முதல் ஐயத்துக்கான விடைக்குள்ளேயே இரண்டாவதன் விடையும் இருப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். சுருக்கமாகச் சொன்னால், படிந்த மாசு செயலற்றுப் போவதில்லை. நைட்ரிக் அமிலத்தைப் பொறுத்தவரை, காற்றில் இருந்ததைவிடச் சுவரில் படிந்தபின்தான் அது சூரிய ஒளிக்கு எளிதாக இரையாகிறது. நம் பாடநூல்கள் கதையை முடிக்கும் இடத்தில் மேற்பரப்பு வேதியியல் தொடங்குகிறது.

வளிநிலையை முதலில் பார்ப்போம். நண்பகல் வெயிலில் நைட்ரஜன் டை ஆக்சைடு மூலக்கூறு ஒன்று சராசரியாக ஓரிரு நிமிடங்களே தாக்குப்பிடிக்கும். ஏறத்தாழ 400 நானோமீட்டருக்குக் குறைவான ஒளியை உறிஞ்சிப் பிளவுபட்டு, வெளியேறும் ஆக்சிஜன் அணு மூலம் ஓசோனை உண்டாக்கும். நைட்ரிக் அமிலம் அப்படியன்று. அது வலுவாக உறிஞ்சும் அலைநீளங்கள் 300 நானோமீட்டருக்குக் கீழே உள்ளன. அந்தக் கதிர்களையோ அடுக்குமண்டல ஓசோன் நம்மை எட்டவிடாமல் தடுத்துவிடுகிறது. ஆகவே காற்றிலுள்ள நைட்ரிக் அமிலம் ஒளியால் சிதைவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் அது இலையிலோ மண்ணிலோ சுவரிலோ ஒட்டிக்கொண்டுவிடும் என்பதால், படிதலே நைட்ரஜன் ஆக்சைடுகளின் முடிவு என்று நெடுங்காலம் கருதப்பட்டது.

இந்தக் கருத்தை அசைத்த ஆய்வுகளில் ஒன்று, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் சியான்லியாங் சோவின் குழு 2003-இல் வெளியிட்டது. மாசு குறைந்த ஊர்ப்புறக் காற்றை அளவிட்டுக்கொண்டிருந்த அவர்கள், காற்றை உள்ளிழுக்கும் கண்ணாடிக் குழாயின் மீது வெயில் பட்டபோது நைட்ரஸ் அமிலம் கூடுதலாகத் தோன்றுவதைக் கவனித்தார்கள். குழாயின் சுவரில் படிந்திருந்த நைட்ரிக் அமிலமே அதற்கு மூலம். அந்தப் பரப்பில் அது வளிநிலையிலும் நீரிலும் சிதைவதைவிடப் பத்து முதல் நூறு மடங்கு வேகமாகச் சிதைந்ததாக அவர்கள் கணித்தார்கள். கருவியின் தொல்லை என்று ஒதுக்கிவிடக்கூடிய ஒன்றைத் துருவிப் பார்த்ததால் கிடைத்த முடிவு என்பதால், மாணவர்களிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

வேகம் ஏன் கூடுகிறது என்பதற்கு இரண்டு காரணங்களைக் குறிப்பிடலாம். பரப்பில் ஒட்டும்போது மூலக்கூறின் எலக்ட்ரான் அமைப்பு சற்று மாறி, அது ஒளியை உறிஞ்சும் எல்லை நீண்ட அலைநீளங்களின் பக்கம் நகர்கிறது. அங்கே சூரிய ஒளி தாராளமாகக் கிடைக்கிறது. அடுத்து, நீருக்குள் கரைந்துள்ள நைட்ரேட் அயனி ஒளிபட்டுப் பிளந்தாலும், சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் துண்டுகளை அடைத்து வைப்பதால் பெரும்பாலானவை மீண்டும் இணைந்துவிடுகின்றன. உறிஞ்சப்படும் நூறு ஒளித்துகள்களில் ஏறத்தாழ ஒன்றுதான் பயனுள்ள சிதைவை உண்டாக்குகிறது. மேற்பரப்பில் ஒரு பக்கம் திறந்திருப்பதால் துண்டுகள் தப்பிக் காற்றில் கலந்துவிடுகின்றன.

நகரத்துச் சுவர்களிலும் சன்னல்களிலும் உள்ளது வெறும் கண்ணாடியோ சுண்ணாம்போ அன்று. அவற்றின்மேல் கரித்துகள், வாகனப் புகையிலிருந்து வரும் கரிமச் சேர்மங்கள், சல்பேட், நைட்ரேட், உலோகத் துகள்கள், சிறிதளவு ஈரம் ஆகியவை சேர்ந்த மெல்லிய அழுக்குப் படலம் உள்ளது. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் டொனால்ட்சனும் அவருடைய குழுவினரும் இந்தப் படலத்தையே பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். உண்மையான நகர அழுக்கை எடுத்துச் செயற்கைச் சூரிய ஒளியில் வைத்தபோது, அதிலுள்ள நைட்ரேட் நீர்க்கரைசலில் நிகழ்வதைவிட மிகப் பல மடங்கு வேகமாக மறைந்ததை 2013-இல் அவர்கள் காட்டினார்கள். பின்னர் ஜெர்மனியின் லைப்சிக் நகரில், ஒரே காற்றோட்டம் உள்ள இடத்தில் கண்ணாடி மணிகளை நிழலிலும் வெயிலிலும் தனித்தனியாக வைத்து அழுக்குப் படியவிட்டார்கள். வெயில் படாத அழுக்கில் நைட்ரேட் ஏறத்தாழ பத்து சதவீதம் கூடுதலாக இருந்ததாக 2015-இல் அறிவித்தார்கள். பத்து சதவீதம் சிறிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் அது ஒரு கணக்கெடுப்பின் மிச்சம் மட்டுமே. ஒரு பக்கம் புதிதாகப் படிந்துகொண்டும் மறுபக்கம் ஒளியால் வெளியேறிக்கொண்டும் இருக்கும் பரப்பில், இடைப்பட்ட காலத்தில் எவ்வளவு வந்துபோனது என்பதை இறுதி இருப்பு காட்டாது.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு, மழை வரும்வரை எல்லா நைட்ரேட்டும் காத்திருக்காது என்பதே விடை. ஒரு பகுதி நைட்ரஜன் டை ஆக்சைடாகவும் நைட்ரஸ் அமிலமாகவும் காற்றுக்குத் திரும்பும். டொராண்டோவையும் லைப்சிக்கையும்விட நம் ஊர்களில் புற ஊதாக் கதிர் ஆண்டு முழுவதும் வலுவாக இருப்பதால் அந்த எண்களை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது. ஆனால் வினையின் திசை மாறாது. நகர அழுக்கு இல்லாத இடத்திலும் இது நடக்கிறது: கிரீன்லாந்தின் உச்சிப் பனிப்பரப்பில், சூரிய ஒளி படும்போது பனியிலுள்ள நைட்ரேட் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் வெளிவருவதை ரிச்சர்ட் ஹான்ராத்தின் குழு 1999-இல் கண்டறிந்தது.

நைட்ரஸ் அமிலத்தை நான் திரும்பத் திரும்பக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. அது பகல் வெயிலில் பத்து இருபது நிமிடங்களில் பிளந்து ஹைட்ராக்சில் தனி உறுப்பை, அதாவது எதனுடனும் விரைந்து வினைபுரியும் OH துண்டை, தருகிறது. எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களை ஆக்சிஜனேற்றம் செய்து ஓசோனுக்கும் நுண்துகளுக்கும் வழிவிடுவது அந்தத் தனி உறுப்புதான். வளிமண்டலத்தில் நைட்ரஸ் அமிலம் இருப்பதை 1979-இல் பெர்னர், பிளாட் என்ற இருவர் உறுதிசெய்தபோது, அது இரவில் சேர்ந்து காலையில் அழிந்துவிடும் பொருளாகவே எண்ணப்பட்டது. பின்னர் கருவிகள் கூர்மையடைந்தபோது பகலிலும் அது கணிசமாக இருப்பது தெரிந்தது. நிமிடக்கணக்கில் அழியும் பொருள் பகலெல்லாம் காற்றில் இருக்கிறதென்றால், பகலெல்லாம் அதை உண்டாக்கும் மூலம் எங்கோ இருந்தாக வேண்டும். நைட்ரேட் சிதைவு ஒரு மூலம். மற்றொன்றைச் சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனமும் பிரான்சின் லியோன், ஜெர்மனியின் வுப்பர்டால் ஆய்வாளர்களும் சேர்ந்து 2006-இல் நேச்சர் இதழில் விளக்கினார்கள். மண்ணிலுள்ள ஹியூமிக் அமிலம் போன்ற பழுப்புநிறக் கரிமப் பொருள்கள் ஒளியை உறிஞ்சிக் கிளர்வுற்று, மேலே வந்து மோதும் நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு எலக்ட்ரானைத் தந்து அதை நைட்ரஸ் அமிலமாக ஒடுக்குகின்றன. இருளில் இதே மாற்றம் ஈரப்பரப்பில் மெதுவாக நடக்கும். இரண்டு நைட்ரஜன் டை ஆக்சைடு மூலக்கூறுகள் நீருடன் வினைபுரிந்து ஒன்று நைட்ரஸ் அமிலமாகவும் மற்றது நைட்ரிக் அமிலமாகவும் மாறும். ஒளியின் வழி அதைவிட வேகமானது. அதற்குப் புற ஊதாக் கதிர் மட்டுமல்லாமல் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் உதவுகிறது.

கடற்காற்று:

கட்டடப் பொருள்களைச் சோதிக்கும் துறையில் இருப்பவன் என்ற முறையில், பூச்சைப் பற்றிய பகுதிக்கு விடை சொல்கிறேன்.

விற்பனையாளர் கூறிய வேதியியல் பொய்யன்று. டைட்டானியம் டை ஆக்சைடின் அனடேஸ் வடிவத்தில் ஆற்றல் இடைவெளி ஏறத்தாழ 3.2 எலக்ட்ரான் வோல்ட். அதைத் தாண்டும் ஆற்றலுள்ள, 387 நானோமீட்டருக்குக் குறைந்த ஒளி பட்டால் எலக்ட்ரானும், அது விட்டுச்சென்ற வெற்றிடமான மின்துளையும் தனித்தனியே பிரிகின்றன. ஜப்பானின் ஹோண்டாவும் புஜிஷிமாவும் 1972-இல் இதைக்கொண்டு நீரைப் பிளந்து காட்டியதிலிருந்து இந்தத் துறை வளர்ந்தது. மின்துளை ஈரத்திலிருந்து ஹைட்ராக்சில் தனி உறுப்பை உண்டாக்கும். எலக்ட்ரான் ஆக்சிஜனை அடையும். நைட்ரிக் ஆக்சைடு முதலில் நைட்ரஜன் டை ஆக்சைடாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாறும். ரிச்சர்ட் மெய்யர் வடிவமைத்து 2003-இல் ரோமில் திறக்கப்பட்ட ஜூபிலித் தேவாலயத்தின் வெண்ணிறக் கற்காரை வளைவுகளில் டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த ஒளிவினையூக்கச் சிமெண்டுதான் பயன்படுத்தப்பட்டது. அங்கே முதன்மை நோக்கம் சுவர் கருமையடையாமல் வெண்மையாக நிற்பதே. அந்த நோக்கத்துக்கு இப்பொருள் பொருத்தமானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

காற்றைத் தூய்மையாக்குவது வேறு கணக்கு. விற்பனையாளர் சோதனைச் சான்றிதழ் காட்டினால், அது ஐஎஸ்ஓ 22197 தரத்தின் முதல் பகுதிப்படி எடுக்கப்பட்டதா என்று பாருங்கள். அந்தச் சோதனையில் ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் அளவுள்ள மாதிரியின் மேல், வெறும் ஐந்து மில்லிமீட்டர் உயர இடைவெளியில் காற்று செலுத்தப்படுகிறது. காற்றில் நைட்ரிக் ஆக்சைடு பத்து லட்சத்தில் ஒரு பங்கு. புற ஊதாச் செறிவு சதுர மீட்டருக்கு 10 வாட். ஈரப்பதம் 50 சதவீதம். அதாவது காற்றின் ஏறத்தாழ எல்லா மூலக்கூறுகளுக்கும் பரப்பைத் தொடும் வாய்ப்பு வலிந்து தரப்படுகிறது. சாலையில் காற்று பல மீட்டர் அகலத்துக்கும் உயரத்துக்கும் விரிந்து கிடக்கிறது. சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்கில் உள்ளவை மட்டுமே பூச்சைத் தொடும். மற்றவை காற்றோடு போய்விடும். ஆய்வகத்தில் கிடைத்த சதவீதத்தைத் தெருவுக்குப் பெயர்த்துச் சொல்வது இந்த ஒரு காரணத்தாலேயே தவறாகிறது.

பிரஸ்ஸல்ஸ் நகரின் லியோபோல்ட் சுரங்கச் சாலையில் ஐரோப்பிய ஆய்வுத் திட்டமொன்று இதைக் களத்திலேயே சோதித்தது. சுவரிலும் கூரையிலும் ஒளிவினையூக்கச் சிமெண்டைப் பூசி, புற ஊதா விளக்குகளையும் பொருத்தி, முன்னும் பின்னும் அளந்தார்கள். அளவீட்டின் பிழை வரம்பைத் தாண்டிய குறைவு எதுவும் காணப்படவில்லை. மாசு மிகுந்த அந்தச் சூழலில் பூச்சின் செயல்திறனும் மங்கிவிட்டது. பிரிட்டன் அரசின் காற்றுத்தர வல்லுநர் குழுவும் 2016-இல் கிடைத்த சான்றுகளைத் தொகுத்துப் பார்த்து, இத்தகைய பரப்புகள் வெளிக்காற்றின் நைட்ரஜன் டை ஆக்சைடைப் பரவலாகக் குறைக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்ற முடிவுக்கே வந்தது.

இளவேனில் விளக்கிய செய்தி இங்கே இன்னும் கூர்மையாகிறது. சாதாரண அழுக்கில் நைட்ரேட்டைச் சிதைப்பது ஒளி மட்டும். டைட்டானியம் டை ஆக்சைடின் மேல் தேங்கும் நைட்ரேட்டை மின்துளைகளும் தாக்குவதால், அது மீண்டும் நைட்ரஜன் ஆக்சைடுகளாக வெளியேறும் வழி கூடுகிறது. சந்தையில் கிடைக்கும் தானே தூய்மையாகும் கண்ணாடியின் மேல் நைட்ரஜன் டை ஆக்சைடும் புற ஊதா ஒளியும் சேரும்போது நைட்ரஸ் அமிலம் உருவாவது 2009-இல் அளந்து காட்டப்பட்டது. பூச்சுக்கு அடிப்படையாக உள்ள பாலிமர்ப் பிணைப்பானும் தனி உறுப்புகளால் அரிக்கப்பட்டு ஃபார்மால்டிஹைடு போன்றவற்றை வெளியிடக்கூடும். மழையில்லாத ஐந்து மாதங்களில் சுவர் நைட்ரேட்டால் நிரம்பியிருக்கையில் இவை எல்லாம் சேர்ந்து நடக்கும். சுவரைக் குழாய்த் தண்ணீரால் அடிக்கடி கழுவினால் நிலைமை மேம்படும் என்பது உண்மையே. அந்தச் செலவையும் தண்ணீரையும் விற்பனையாளர் கணக்கில் சேர்த்திருக்கமாட்டார்.

உங்கள் சுவர் கிழக்கு நோக்கியது. நேரடி வெயில் முற்பகலில் மட்டுமே கிடைக்கும். பிற்பகலில் வானத்திலிருந்து சிதறி வரும் புற ஊதா ஓரளவு உதவும். மாலையில் வாகனங்கள் நெருங்கும் நேரத்தில் அதுவும் இருக்காது. கூடுதல் விலையைக் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அதே பணத்தில் சாலைக்கும் வகுப்பறைக்கும் இடையே தூரத்தைக் கூட்டும் ஏற்பாடு எதையேனும் செய்யுங்கள்: வகுப்புகளை உட்பக்க அறைகளுக்கு மாற்றுவது, மாணவர்கள் கூடும் நுழைவாயிலை வேறு பக்கம் வைப்பது போன்றவை உறுதியான பயன் தரும்.

குறிஞ்சி ஆசிரியை:

இருவருக்கும் மிக்க நன்றி. நிர்வாகத்துக்கு எழுதவேண்டியது தெளிவாகிவிட்டது. இரண்டு துணைக் கேள்விகள். சாலைப்பக்க வகுப்பறைகளின் உட்புறம் பற்றி நீங்கள் குறிப்பிடவில்லை. சன்னல் கண்ணாடி புற ஊதாவைத் தடுத்துவிடும் என்று சொல்லிக்கொடுக்கிறோம், அப்படியானால் உள்ளே இந்த வினைகள் நின்றுவிடுமா? அடுத்து, லைப்சிக்கில் செய்ததைப் போன்ற ஒன்றைப் பதினோராம் வகுப்பு மாணவர்கள் செய்து பார்க்க முடியுமா?

மரகதம்:

உட்புறக் காற்றைப் பற்றிய கேள்விக்கு நான் விடை சொல்லலாம். சன்னல் கண்ணாடி எல்லாப் புற ஊதாவையும் தடுப்பதில்லை. ஏறத்தாழ 320 நானோமீட்டருக்குக் கீழுள்ளதைத்தான் பெரும்பாலும் வெட்டிவிடுகிறது. ஓசோனைப் பிளந்து ஹைட்ராக்சிலை உண்டாக்கும் கதிர்கள் அந்தப் பகுதியில் இருப்பதால், அந்த வழி உள்ளே அடைபட்டுவிடும். நைட்ரஸ் அமிலமோ 340 முதல் 370 நானோமீட்டர் வரையுள்ள ஒளியை நன்றாக உறிஞ்சுகிறது. அந்த ஒளி கண்ணாடி வழியே தடையின்றி வருகிறது. பிரான்சின் மார்சேய் நகரப் பள்ளி வகுப்பறை ஒன்றில் அளவெடுத்து 2013-இல் வெளியிடப்பட்ட ஆய்வு இதையே காட்டியது. சன்னல் வழியே வெயில் விழுந்த நேரத்தில் அறையின் ஹைட்ராக்சில் செறிவு ஒரு கன சென்டிமீட்டருக்குப் பதினெட்டு லட்சம் தனி உறுப்புகள் என்ற அளவுக்கு உயர்ந்தது. அது வெளிக்காற்றின் அளவோடு ஒப்பிடத்தக்கது. அதற்கு மூலம் நைட்ரஸ் அமிலத்தின் ஒளிச்சிதைவு என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

அறைக்குள் நைட்ரஸ் அமிலம் சேர்வதற்குக் காரணம் மேற்பரப்புகளே. காற்றின் ஒவ்வொரு கன மீட்டருக்கும் சுவர், மேசை, துணி, தரை என்று உள்ளே இருக்கும் பரப்பு வெளியில் இருப்பதைவிடப் பன்மடங்கு அதிகம். சாலையிலிருந்து வரும் நைட்ரஜன் டை ஆக்சைடும், வீடுகளில் எரிவாயு அடுப்பிலிருந்து வருவதும், அந்தப் பரப்புகளின் ஈரத்தில் நைட்ரஸ் அமிலமாகின்றன. ஆகவே சாலைப்பக்க அறையில் துப்புரவுத் திரவம், வாசனைத் தெளிப்பான், புதுப் பூச்சு ஆகியவற்றின் ஆவி நிறைந்திருக்கும்போது நேரடி வெயிலை உள்ளே விடுவது, அவற்றை ஆக்சிஜனேற்றம் செய்யும் வினைகளைத் தூண்டுவதாகும். அந்நேரத்தில் சாலைக்கு எதிர்ப்பக்கச் சன்னல்களைத் திறந்து வையுங்கள்.

இளவேனில்:

மாணவர் சோதனை பற்றி: செய்யலாம், ஆனால் எதை அளக்க முடியும் என்பதை முன்கூட்டியே வரையறுத்துக்கொள்ள வேண்டும். மீன்தொட்டிக்காக விற்கப்படும் நைட்ரேட் சோதனைத் தாள்களின் நிறப்படிகள் மிகவும் அகன்றவை. பத்து சதவீத வேறுபாட்டை அவற்றால் காணவே முடியாது. அருகிலுள்ள கல்லூரியில், நீரில் கரைந்த அயனிகளைப் பிரித்து அளக்கும் அயனி நிறப்பிரிகைக் கருவி இருந்தால், கழுவிய நீரை அவர்களிடம் தந்து நைட்ரேட்டையும் சல்பேட்டையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். சல்பேட்டை ஒளி சிதைப்பதில்லை என்பதால், நைட்ரேட்டுக்கும் சல்பேட்டுக்கும் உள்ள விகிதத்தை ஒப்பிடுவதே நம்பகமானது. நிழலில் வைத்த மாதிரியில் தூசி சற்றுக் குறைவாகப் படிந்திருந்தாலும் விகிதம் பெரிதாகப் பாதிக்கப்படாது.

ஒரே அளவுள்ள கண்ணாடி மணிகளைக் காய்ச்சி வடித்த நீரில் கழுவி உலர்த்தி, அகலமான இரண்டு தட்டுகளில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். இரண்டும் மொட்டை மாடியில் ஒரே உயரத்தில் அருகருகே இருக்கட்டும். ஒன்றுக்கு மேலே புற ஊதாவைத் தடுக்கும் ஒளிபுகா மூடியும், மற்றொன்றுக்கு மேலே அதே அளவுள்ள, புற ஊதாவை விடும் அக்ரிலிக் தகடும் பக்கங்களில் காற்றுப் புகும்படி உயர்த்திப் பொருத்தப்படவேண்டும். சாதாரண அக்ரிலிக் வகைகள் பல புற ஊதாவை உறிஞ்சுபவை என்பதால் வாங்கும்போதே கேட்டுப் பாருங்கள். ஒளிபடும் தட்டு சூடேறினால் வெப்பத்தாலேயே அம்மோனியம் நைட்ரேட் ஆவியாகிவிடும். அந்த விளைவை ஒளியின் விளைவாக எண்ணிவிடாமல் இருக்க, மூடியின் மேற்பக்கத்துக்குக் கறுப்பு வண்ணம் பூசி நிழல் தட்டையும் ஓரளவு வெப்பமாக வைத்திருங்கள். இரண்டு தட்டுகளிலும் வெப்பமானியை வைத்துத் தினமும் நண்பகலில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மழை தொடங்கும் முன், மாசியிலோ பங்குனியிலோ, ஆறு வாரங்கள் வைத்தால் போதும்.